வறுத்த மண்

கிண்ணியாவில் கோழி எச்சம் இல்லாத முற்றம் எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் அபூதாஹிரின் வீட்டைக் காட்டும். கோழி வளர்க்காத வீடு என்று நினைக்க வேண்டாம். கோழிகள் இருந்தன. அந்த வீட்டில் குஞ்சாகப் பொரித்த பாவத்துக்கு, வேலிக்கு அப்பால் போய்த்தான் தங்கள் காரியத்தை முடித்துக்கொண்டு வந்தன. அப்படித் துரத்தித் துரத்திப் பழக்கியிருந்தார் மனிதர். கிணற்றைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்திருக்கும். வாளிக்கு மூடி, மூடிக்கு மேல் ஒரு துணி. தண்ணீர் கொதித்து ஆறாமல் யார் வாயிலும் படாது. விருந்துக்கு வந்தவர்கள் கை கழுவப் போனால் பின்னாலேயே போய் நின்று நகக்கண்ணை எட்டிப் பார்ப்பார். இந்தக் கரைச்சலுக்குப் பயந்து சொந்தக்காரர் பலர் சாப்பாட்டு நேரத்துக்கு அந்தப் பக்கம் போவதில்லை.

எல்லாம் யாட்டில் பழகிய பழக்கம் என்று ஊர் சொல்லும். வெள்ளைக்காரனின் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்த காலத்தில், அபூதாஹிர் இளந்தாரியாக அவர்களுடைய கப்பல் பட்டறையான யாட்டில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பல்களின் குடிதண்ணீர்த் தாங்கிக்குள் இறங்கி, துருவையும் பாசியையும் சுரண்டி, மருந்துத் தண்ணீர் அடித்துக் கழுவுகிற வேலை. வேலை முடிந்ததும் மேற்பார்வைக்கார வெள்ளைக்காரன் ஒரு வெள்ளைத் துணியால் தாங்கியின் சுவரைத் துடைத்துப் பார்ப்பான். துணியில் கறை ஒட்டினால் திரும்ப இறங்க வேண்டும். அபூதாஹிர் கழுவிய தாங்கியில் அந்தத் துணி வெள்ளையாகவே வெளியே வரும். ‘இந்த மனுசன் கழுவினால் கப்பலே கரைஞ்சு போகும்’ என்று கூட வேலை செய்தவர்கள் பகிடி பண்ணுவார்கள்.

ஊர் சொன்னதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி அவருடைய மனைவி றம்லாவுக்கு மட்டும் தெரியும். அவர்களுடைய மூத்த பிள்ளை றஊபுக்கு நடை பழகிய நாளில் இருந்தே மண் தின்னும் பழக்கம் இருந்தது. மறைத்து மறைத்துத் தின்பான். வாயைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்த பிடி வாய்க்குள் போய்விடும். ஒரு மாரியில் வயிற்றோட்டம் பிடித்தது. பாதையில் ஏற்றி, அதாவது ஊரை மறுகரையோடு இணைத்த அந்த மிதவையில் ஏற்றி, அக்கரைக்குக் கொண்டுபோய், ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். “மண்ணில் இருக்கிற கிருமிதான்” என்றார் டாக்குத்தர். பிள்ளையின் மையித்தையும் அந்த ஒரு சொல்லையும் அபூதாஹிர் ஒரே நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிள்ளையை அடக்கிவிட்டார்கள். சொல் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதைப் பற்றி அவர் யாரோடும் கதைத்ததில்லை. மறுநாள் முற்றத்துக் குப்பையை எரித்தார். பிறகு நெருப்புப் பெட்டி அவருடைய கையை விட்டு இறங்கவே இல்லை.

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் கப்பலோடு போனபோது யாட்டு வேலையும் போய்விட்டது. பிறகு அவர் செய்யாத வேலை இல்லை. பாதையில் வடம் இழுத்தார், தோணியில் விறகு ஏற்றினார், கலியாண வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார். எழுபதுகளில் வெளிநாட்டு மிளகாய் வராது என்று அரசாங்கம் தடை போட்டதும், ஊரில் காணியுள்ளவன் எல்லாம் மிளகாய்க்காரன் ஆனான். அபூதாஹிருக்கும் காணி இருந்தது. இருந்தது என்றால், றம்லாவுக்கு இருந்தது. அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடும் காணியும் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுத்த சாரத்தோடு வந்து சேருவார். அவளுடைய தகப்பன் எழுதிக் கொடுத்த அந்தக் காணி, நாளைக்கு மகள் ஸல்ஹா கலியாணம் முடித்தால் அவளுக்குப் போகும். நடுவில் அதைச் செய்கிற பொறுப்பு அபூதாஹிருடையது. ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு, தாங்கிக்குப் பிறகு ‘இது என்ட வேலை’ என்று சொல்ல வாய்த்தது அது ஒன்றுதான்.

அவர் காணியையும் தாங்கி மாதிரியே கழுவத் தொடங்கினார்.

மிளகாய்க்கு முதலில் மேடைப் பாத்தியில் நாற்றுப் போட வேண்டும். விதை போடுவதற்கு முன் பாத்தியின் மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பார்கள். அடியழுகல் நோய் வராமல் இருக்க அது நல்ல வழி என்று விவசாயப் போதனாசிரியர் சோமசேகரம்தான் ஊருக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு முறை எரித்தால் போதும் என்றும் சொன்னார். அபூதாஹிருக்கு ஒரு முறை போதவில்லை. எரித்தார், கொத்திப் புரட்டினார், அடிமண்ணை மேலே எடுத்துத் திரும்ப எரித்தார், ஆறவிட்டு இன்னொருக்கால் எரித்தார். கடைசியில் சோமசேகரம் கொடுத்த பங்கசு மருந்தைக் கரைத்து ஊற்றினார். பங்கசு என்றால் பூஞ்சணம். பழைய பாண் ரொட்டியிலும் ஈரச் சுவரிலும் பூக்கிற சாதிதான். அது மண்ணுக்குள்ளும் இருந்து நாற்றைத் தின்னும் என்று போதனாசிரியர் சொன்னபோது, அபூதாஹிர் ஆச்சரியப்படவில்லை. மண் என்னவெல்லாம் தின்னும் என்று அவருக்குத் தெரியும்.

இவ்வளவு சுத்தமாக நாற்றுப் போட்ட மனிதர் ஊரில் இல்லை. இவ்வளவு கேவலமான நாற்றும் ஊரில் இல்லை. ஒரு நாற்றுக்கூட அழுகவில்லை, அது உண்மை. அழுகுவதற்கும் ஒரு வளர்ச்சி வேண்டுமே. முளைத்த உயரத்திலேயே நின்றன. இலையின் அடிப்பக்கம் ஊதா நிறம் ஓடிப்போய், குளிரில் விறைத்தவன் உதடு போல இருந்தது. உரம் போட்டார். அப்படியே நின்றன. இன்னும் உரம் போட்டார். நுனி கருகியது. நட்ட பிறகும் தேறவில்லை. அடுத்த போகம் இன்னும் கவனமாக எரித்தார். நாற்று இன்னும் குட்டையாக வந்தது.

அவரைப் பைத்தியமாக்கியது குட்டை நாற்று அல்ல. பாத்திக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில திட்டுகளில் மட்டும் நாற்று கரும்பச்சையாக, ஒரு சாண் உயரம் வளர்ந்து நின்றதுதான். ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு. ஏன் அங்கே மட்டும்? றம்லா அந்தப் பக்கம் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றியிருப்பாள் என்று முடிவு செய்து, வீட்டில் சோறு ஆக்கும் முன்னே அரிசியை நாலு தரம் கழுவ வைத்து அந்தத் தண்ணீரைப் பாத்தி முழுக்க ஊற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. பின்னேர நிழல் படுகிற இடமோ என்று கிடுகு கட்டி நிழல் போட்டார். நாற்று வெளிறிப்போனது. கண்ணூறு என்றாள் பக்கத்து வீட்டு மைமூனா. கண்ணூறு என்றால் நல்ல நாற்றுக்கு அல்லவா படவேண்டும், இந்தச் சொத்தி நாற்றில் யார் கண் வைப்பார்கள் என்று அவருக்கு அதிலும் குழப்பம்.

இந்த நேரத்தில்தான் றம்லாவின் தமையன் கலீலுர் றஹ்மான் வந்தார். ஊரில் பேர் போன மிளகாய்ச் செய்கைக்காரர். நல்ல மனிதர். நல்ல மனிதராக இருந்ததுதான் தொல்லை. சண்டைக்கு வந்திருந்தால் அபூதாஹிர் சண்டை பிடித்திருப்பார்.

“மச்சான், கோவிக்காதீங்க” என்றார் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு. “வாப்பாட காணி இப்பிடிக் கிடக்கிறதப் பாக்க மனசு கேக்குதில்ல. இந்தப் போகமும் பாப்பம். நாத்து உருப்பட்டா நீங்களே செய்ங்க. இல்லாட்டி காணிய நான் செய்யிறன். உங்களுக்கு மிளகாய் வரும், நெல்லு வரும். ஒண்டுக்கும் குறை இருக்காது.”

‘ஒண்டுக்கும் குறை இருக்காது’ என்ற அந்தச் சொல் அபூதாஹிருக்கு நெஞ்சில் குத்தியது. மச்சான் அனுப்பும் சாக்கை வாசலில் நின்று வாங்கிச் சாப்பிடும் ஆளாக அவர் தன்னைப் பார்த்தார். அவமானமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

சோமசேகரம் பாலையூற்றில் இருந்து பஸ் ஏறி, பாதையில் கடல் கடந்து, இந்தக் கரையில் இரவல் சைக்கிளில் வருகிறவர். முப்பது வயது இருக்கும். கண்டிப் பக்கம் ஒரு வகுப்புக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்தார். அந்த முறை வந்தபோது ஊதா இலையைத் திருப்பிப் பார்த்தார். வேரைப் பிடுங்கிப் பார்த்தார். எத்தனை தரம் எரித்தீர்கள் என்று கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டுச் செடியைக் கீழே வைத்தார்.

“நானா, நீங்கள் கொஞ்சம் மிச்சம் வைச்சிருக்கலாம்” என்றார். அபூதாஹிரை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் அழைப்பார்.

“எத மிச்சம் வைக்கிற?”

“பங்கசை.”

அபூதாஹிர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஐயா, பங்கசக் கொல்லத்தானே நீங்க மருந்து தந்த?”

“ஓம், நான்தான் தந்தனான். அது கெட்ட பங்கசுக்கு. இப்ப வகுப்பில சொல்லுகினம், நல்ல பங்கசும் இருக்காம். கண்ணுக்குத் தெரியாத நூல் மாதிரி. வேரோட ஒட்டிக்கொண்டு, வேர் எட்டாத இடத்தில கிடக்கிற சத்தை இழுத்துக் குடுக்குமாம். செடி பதிலுக்கு அதுக்குச் சாப்பாடு குடுக்குமாம். நீங்கள் போட்ட உரம் மண்ணிலதான் கிடக்கு. எடுத்துக் குடுக்க ஆள் இல்லை.”

“மருந்துக்கு நல்லது கெட்டது தெரியுமா?”

“தெரியாது.”

“நெருப்புக்கு?”

“அதுக்கும் தெரியாதுதான்” என்று சோமசேகரம் தலையைச் சொறிந்தார். “உண்மையைச் சொன்னால் நானா, எனக்கும் வடிவா விளங்கேல்லை. ஆனால் ஒண்டு செய்து பாருங்கோ. எரிக்காத இடத்தில, நல்லாப் புல் வளந்த இடத்தில, வேரோட மண் எடுத்து வந்து பாத்தியில கலந்துபோட்டு விதையுங்கோ.”

வாசல் மறைப்புக்குப் பின்னால் நின்று கேட்ட றம்லா, சோமசேகரம் போனதும், “பங்கசோ பங்கஜமோ, அந்தாளு சொல்ற மாதிரிச் செய்ங்க” என்றாள்.

எரிக்காத இடம் என்று அந்தக் காணியில் ஒன்றுதான் இருந்தது. வேலியோரம் இலுக்குப் புல் மண்டிய மூலை. ஆடு புழுக்கை போடுகிற, ஓணான் ஓடுகிற, துரத்தப்பட்ட கோழிகள் எல்லாம் அடைக்கலம் புகுகிற இடம். ஊரிலேயே அழுக்கான மண் எது என்று கேட்டால் அபூதாஹிர் அதைத்தான் காட்டுவார். அதை வெட்டி எடுத்துத் தன் சுத்தமான பாத்தியில் போட வேண்டுமாம். ஒரு பகல் முழுக்க வேலியோரம் நின்று யோசித்தார். போடாவிட்டால் காணி மச்சானுக்கு. போட்டால் இத்தனை வருசமாக எதை எரித்தாரோ அதையே தன் கையால் அள்ளி வைக்க வேண்டும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். போதனாசிரியர் சொன்னபடியும் ஆகும், தன் மனசும் ஆறும். அந்த வழி உதித்ததும் அவருக்குத் தன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

இரண்டு ஓலைக் கடகம் நிறைய மண்ணை வெட்டிக்கொண்டு நேரே குசினிக்குப் போனார்.

“றம்லா, மா வறுக்கிற தாச்சிய எடு. இத வறுத்துத் தா.”

இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் அரிசி மாவை வறுத்து வைக்காத வீடு அந்தப் பக்கத்தில் இல்லை. வறுத்தால் மாவில் பூச்சி பிடிக்காது, பூஞ்சணம் பிடிக்காது, மாதக் கணக்கில் இருக்கும். மாவுக்குச் சரியென்றால் மண்ணுக்கு ஏன் ஆகாது என்பது அவருடைய நியாயம்.

றம்லா கடகத்தைப் பார்த்தாள், தாச்சியைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள்.

“புள்ளைக்கு பிட்டு அவிக்கிற மாத் தாச்சியிலயா?”

“பிறகு சாம்பல் போட்டு நான் கழுவித் தாறன்.”

“இஞ்ச பாருங்க, தண்ணி கிடைக்காட்டி மண்ணால தயம்மும் செஞ்சு நாங்க தொழுறம். மண் எங்களச் சுத்தமாக்குது. அந்த மண்ணயே நீங்க சுத்தமாக்கப் போறீங்களா?”

“அது வேற மண்” என்றார் அபூதாஹிர். எப்படி வேற என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, “வறுத்துத் தா எண்டா வறுத்துத் தா” என்றுவிட்டு வெளியே போனார்.

முதல் கடகம் வறுபட்டபோது வீடு முழுக்கப் புகை. வேரும் புழுக்கையும் கருகிய நாற்றம் தெருவரைக்கும் போய், மைமூனா வந்து என்ன கறி என்று கேட்டாள். அபூதாஹிர் மூக்கைப் பொத்திக்கொண்டு வறுத்த மண்ணை வாங்கி மேற்குப் பாத்தியில் கலந்தார். பின்னேரம் அஸறுத் தொழுகைக்குப் பிறகு இரண்டாவது கடகமும் வந்தது. நாற்றத்துக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டே அதைக் கிழக்குப் பாத்தியில் கலந்தார். இரண்டிலும் விதைத்தார். ஸல்ஹா காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள், உட்கார்ந்து புல் பிடுங்கினாள். அபூதாஹிர் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேற்குப் பாத்தி வழமை போல ஊதா நிறத்தில் குந்திக்கொண்டது. கிழக்குப் பாத்தி அதையெல்லாம் கணக்கெடுக்கவே இல்லை. அது கரும்பச்சையாக, ஒரு இலைக்கு மேல் ஒரு இலையாக, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு எழும்பியது. அபூதாஹிர் அதன் முன்னால் குந்தி இருந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோசம் வந்தது. சந்தோசத்துக்குப் பின்னாலேயே பயமும் வந்தது. ஒரே மூலையில் வெட்டிய மண். ஒரே தாச்சி. ஒரே பொம்பிளை வறுத்தது. ஒன்று வாழ்கிறது, மற்றது சாகிறது. முந்தியும் இப்படித்தானே திட்டுத் திட்டாக வந்து பிறகு ஏமாற்றியது? காரணம் தெரியாமல் வந்தது காரணம் தெரியாமல் போய்விடாதா?

சோமசேகரம் வந்தார். கிழக்குப் பாத்தியைக் கண்டதும் சைக்கிளை வேலியில் போட்டுவிட்டு ஓடி வந்தார். “பாத்தீங்களோ நானா! நான் சொன்னனான்!”

“ஓம் ஐயா. உங்கட பங்கசு மண்தான். நல்லா வறுத்துத்தான் போட்ட.”

சோமசேகரத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. “என்ன செய்தனீங்கள்?”

“வறுத்த.”

“ஐயோ நானா! வறுத்தா எல்லாம் செத்துப்போகுமே!”

“செத்தாத்தானே ஐயா சுத்தம்?”

“செத்தா அது எப்பிடி வேலை செய்யும்?”

“செஞ்சிருக்கே” என்று அபூதாஹிர் கிழக்குப் பாத்தியைக் காட்டினார்.

சோமசேகரம் கிழக்கைப் பார்த்தார், மேற்கைப் பார்த்தார். மேற்குப் பாத்தி வகுப்பில் சொன்னதைச் சரியென்றது. கிழக்குப் பாத்தி அதைப் பொய் என்றது. வகுப்பில் சொன்னவர்கள் பிழையோ, தான் கேட்டது பிழையோ என்று அவர் முணுமுணுத்தார். பாவம், வந்த வழியே போய்விடலாமா என்றுகூட அவருக்கு இருந்திருக்கும். அதற்குள் படலையைத் திறந்துகொண்டு கலீலுர் றஹ்மான் உள்ளே வந்தார். நாற்றுப் பிடுங்கும் காலம் நெருங்கிவிட்டது. சொன்ன சொல்லுக்கு முடிவு சொல்ல வந்திருந்தார்.

அவர் இரண்டு பாத்தியையும் நிதானமாகப் பார்த்தார். கிழக்குப் பாத்தியில் ஒரு நாற்றைப் பிடுங்கினார். வேர் மண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குஞ்சம் போல வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார். தன் காணியில்கூட அப்படி ஒரு வேரைக் கண்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

“பாதிதான் உருப்பட்டிருக்கு. எண்டாலும் பரவாயில்ல” என்றார். “சொன்ன கதை கதைதான். காணிய நீங்களே செய்ங்க மச்சான்.”

அபூதாஹிருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். “மச்சான், நீங்க பாருங்க, வாற போகம் முழுக் காணிக்கும் வறுக்கப் போறன். இந்தச் சின்னத் தாச்சி காணாது. கலியாண வீட்டு அண்டா ஒண்டு எடுக்க வேணும். இலுக்கு மூலை முழுக்க வெட்டி—”

“நான் வறுக்கல்ல.”

குசினி வாசலில் றம்லா நின்றாள். முக்காட்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“முதல் கடகம் வறுத்த. ரெண்டாவது ஏலாமப் போச்சு. புகை, நாத்தம், மாத் தாச்சியும் கறுத்துப் போச்சு. அப்பிடியே தூக்கித் தந்திட்டன். சொன்னா நீங்க திரும்ப வறுக்கச் சொல்லுவீங்க. சொல்லாம இருந்திருப்பன். இப்ப அண்டா எண்டுறீங்க.”

“அப்பாடா!” என்றார் சோமசேகரம். அவருக்கு உயிர் வந்தது. அந்த இடத்தில் சந்தோசப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

கலீலுர் றஹ்மானின் முகம் மாறியது. “அப்ப இது உங்கட கெட்டித்தனம் இல்லையே, மச்சான். நீங்க செய்த பாத்தி அந்தா கிடக்குது. கோவிக்காதீங்க, அப்பிடிப் பாத்தா காணி—”

“காக்கா” என்று தமையனைக் கூப்பிட்டாள் றம்லா. “காணி என்ட. தாச்சியும் என்ட. நீங்க ரெண்டு பேரும் எதுக்கு என்ட சாமானப் பங்கு போடுறீங்க?”

தமையன் கையில் இருந்த நாற்றைக் கீழே வைத்தார். ஆனால் அபூதாஹிருக்கு இந்தக் கதை எதுவும் காதில் ஏறவில்லை. அவர் கிழக்குப் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். 

“அப்பிடியே போட்டியா?” என்றார். “அந்த மண்ண? பச்சையா? ஸல்ஹா அதுக்குள்ள இருந்துதானே புல்லுப் புடுங்கினவள். வெறுங்கையோட. அந்தக் கையாலதானே சோறு திண்டவள்.” குரல் ஏறிக்கொண்டே போனது. “மண் எங்கள என்ன செய்தது எண்டு ஒனக்கு மறந்து போச்சா? நான் எதுக்கு எரிக்கிற எண்டு நினைச்ச? மிளகாய்க்கா? ஒரு புள்ளயக் குடுத்தது காணாதா?”

கலீலுர் றஹ்மான்தான் அன்றைக்கு அந்தச் சின்ன மையித்தைக் கையில் ஏந்திக்கொண்டு கபுறடிக்குப் போனவர். மச்சானுக்கு யாட்டுப் பழக்கம், வெள்ளைக்காரப் பழக்கம் என்று இத்தனை வருசமும் ஊரோடு சேர்ந்து சிரித்தவரும் அவர்தான். இப்போது தலையைக் குனிந்துகொண்டார்.

அபூதாஹிர் சோமசேகரத்தின் பக்கம் திரும்பினார். கோபம் வடிந்து, வெறும் குழப்பம் மட்டும் மிஞ்சியிருந்தது. “ஐயா, நீங்க படிச்சாளு. சொல்லுங்க. ஒரே மண்தானே. மிளகாய வளக்கிறதும் அதுதான், புள்ளய எடுக்கிறதும் அதுதான் எண்டா, மனுசன் அத என்ன செய்யிற?”

சோமசேகரம் குந்தி ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தார். “எனக்குத் தெரியாது, நானா. புள்ளையை எடுத்தது வேற கிருமி. இது வேற. அதுமட்டும் தெரியும். மண்ணுக்குள்ள எல்லாம் கலந்துதான் கிடக்கு. வேறை வேறையாப் பிரிச்சு எடுக்க எனக்குத் தெரியாது.”

ஸல்ஹா கிணற்றடியில் இருந்து வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றாள். “வாப்பா, எனக்கு ஒண்டுமில்ல” என்றாள். இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். அவர் அந்தக் கைகளைப் பிடித்துப் பார்த்தார். நகக்கண்ணில் மண் இருந்தது. அதைக் கழுவச் சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை.

கலீலுர் றஹ்மான் கிட்ட வந்தார். “மச்சான், காணிக் கதைய நான் இனிக் கதைக்கல்ல. றம்லாட காணி. ஆனா ஒண்டு கேக்கிறன். முழுக் காணிக்கும் இப்பிடி நாத்து வேணுமெண்டா, பச்சை மண்தான் போட வேணும். எரிக்காம, வறுக்காம. அது ஒங்களுக்கு ஏலுமா? ஏலாட்டி வெக்கப்படாமச் சொல்லுங்க. நான் செய்து தாறன்.”

ஏலாது என்று சொல்லிவிடலாம். சொன்னால் இந்தப் பயம் எல்லாம் மச்சானுடைய தலைக்குப் போய்விடும். வாசலுக்குச் சாக்கு வரும். ஒன்றுக்கும் குறை இருக்காது. அபூதாஹிர் மேற்குப் பாத்தியைப் பார்த்தார். தன் கையால், தன் சுத்தத்தால் செய்த பாத்தி. ஒரு நோயும் இல்லை, ஒரு பூச்சியும் இல்லை, உயிரும் இல்லை. அதைப் பார்க்க அவருக்கு அழுகை வந்தது.

“எனக்கு விளங்கல்ல” என்றார். “ஆனா ஏலும்.”

கலீலுர் றஹ்மான் போகவில்லை. காலை மாற்றி மாற்றி நின்றார். பேர் போன செய்கைக்காரருக்கு அடுத்த சொல் வாய்க்குள் சிக்கிக்கொண்டு நின்றது. கடைசியில், “மச்சான், அந்த இலுக்கடி மண் ஒரு கடகம் எனக்கும் தருவீங்களா?” என்றார்.

அபூதாஹிர் மண்வெட்டியைத் தேடவில்லை. வேலியோர மூலைக்குப் போய்க் குந்தினார். ஒரு கணம் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு இரண்டு கையாலும் புல்லை வேரோடு பிடுங்கி, அந்தக் கறுத்த ஈர மண்ணை அள்ளி அள்ளிக் கடகத்தில் போட்டார். நிறைந்ததும் தானே தூக்கிக்கொண்டு வந்து மச்சானின் தலையில் ஏற்றிவிட்டார். படலைவரைக்கும் கூடவே போனார். கலீலுர் றஹ்மான் தெருவில் இறங்கிக் கொஞ்சத் தூரம் போனதும் மனம் பொறுக்காமல் பின்னால் ஓடிப் போய் அவருடைய கையைப் பிடித்தார்.

“மச்சான், வீட்ட போனதும் முதல்ல கையக் கழுவுங்க. நல்லா, சவுக்காரம் போட்டுக் கழுவுங்க. சின்னப் புள்ளையள் இருக்கிற வீடு.”